கானாடுகாத்தான் வீட்டில் மோடம் ஏன் விழுந்தது: இவால் போர்டு வைத்துப் பிரித்துப் பார்த்த நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானில் இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் பழைய வீடு. சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) கல்யாணத்துக்கும்தான் எல்லாக் கதவும் திறக்கும். மற்ற நாட்களில் ஒரு பெரியவர் வந்து விளக்கேற்றிக் கூட்டிவிட்டுப் போவார். கரண்ட் போனால், மேல்தொட்டி வற்றினால், மர அறைகளில் ஈரப்பதம் ஏறினால், பின்கதவு திறந்தால் உரிமையாளரின் போனுக்குச் செய்தி போக வேண்டும். அதற்காக இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பக்க இரண்டாவது பகுதி) மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு கருவி மாட்டப்பட்டது.

கருவிக்குள் இருந்தவை: 2ஜியும் பேசக்கூடிய எல்டிஇ (4ஜி) கேட் 1 பிஸ் மாட்யூல் ஒன்று (சிம் போட்டு நெட்வொர்க்கில் பேசும் மோடம்), ஒரு மைக்ரோகண்ட்ரோலர், 5 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர், அதை 3.8 வோல்ட்டுக்கு இறக்கும் ரெகுலேட்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி), பிளாஸ்டிக் பெட்டியின் உள்சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆண்டெனா. 15 நிமிடத்துக்கு ஒரு முறை எம்க்யூடிடி என்ற தகவல் முறை வழியாக அளவுகளைச் சர்வருக்கு அனுப்பும். அவசரச் செய்தி உடனே போகும்.

காரைக்குடிப் பட்டறை மேசையில் இந்தக் கருவி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 15 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் மாட்டியதும் சர்வரில் சேரும் பதிவுகளில் ஓட்டைகள் விழுந்தன. கரண்ட் போகும் நேரத்தில்தான் செய்தி வராமல் போனது. கருவி வாங்கியதே அதற்குத்தான். சிம்மை மாற்றிப் பார்த்தார்கள். முதல் சிம்மில் கருவி தானாக ரீஸ்டார்ட் ஆனது. இரண்டாவது சிம்மில் ரீஸ்டார்ட் நின்றது, ஆனால் நெட்வொர்க் அறுந்து அறுந்து வந்தது. டவர் சரியில்லை என்று முடிவு கட்ட எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் அதே மாட்யூலின் இவால் போர்டு (மாட்யூலைச் சோதித்துப் பார்க்க அதைச் செய்பவரே தரும் பலகை) கையில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். போர்டில் மாட்யூல் ஒழுங்காக ஓடினால் மாட்யூல், ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்), சிம், நெட்வொர்க் நான்கும் சேர்ந்து நடக்கின்றன என்று பொருள். நம் கருவியின் சர்க்யூட் நல்லது என்று பொருள் அல்ல. போர்டில் தாராளமான மின்வழங்கல், அகலமான செம்புத் தடங்கள், பெரிய கெப்பாசிட்டர்கள், தரமான ஆண்டெனா இணைப்பு எல்லாம் இருக்கும். மாட்யூல் செய்பவர் தன் சரக்கை நல்லபடி காட்டத்தானே அதைச் செய்கிறார்.

போர்டைத் தயார் செய்தல்

முதலில் ஃபர்ம்வேர் பதிப்பு. போர்டில் உள்ள மாட்யூலிலும் கருவியில் உள்ள மாட்யூலிலும் மாட்யூலிடம் பேசும் ஏடி கட்டளைகளில் ஒன்றான ‘ஏடி+சிஜிஎம்ஆர்’ கொடுத்து ஒப்பிட வேண்டும். பதிப்பு வேறானால் பிறகு செய்யும் ஒப்பீடு எதுவும் நிற்காது.

மின்சாரத்துக்கு லேப்டாப்பின் யுஎஸ்பியை நம்பக்கூடாது. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் வரைதான் தரக் கடமைப்பட்டது. மாட்யூல் முழுச் சக்தியில் அனுப்பும்போது அது போதாமல் போர்டு விழுந்து எழும். லேப்டாப்பில் காம் போர்ட் மறைந்து மறைந்து வரும். பலர் இதை டிரைவர் கோளாறு என்று நினைத்து விண்டோஸை மறுபடி நிறுவும் வரை போய்விடுகிறார்கள். போர்டின் டிசி ஜாக்கில் 5 வோல்ட் 2 ஆம்ப், முடிந்தால் 3 ஆம்ப் கொடுத்துவிட்டு யுஎஸ்பியைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

பிறகு பவர் கீ. பெரும்பாலான மாட்யூல்கள் மின்சாரம் வந்ததும் தானாக எழுவதில்லை. அந்தப் பொத்தானை அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடி வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நேரம் மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். யுஎஸ்பியில் செருகியதும் மூன்று நான்கு காம் போர்ட்கள் முளைக்கும். அவற்றில் ஒன்றுதான் ஏடி போர்ட், மற்றவை லாக் எடுப்பதற்கும் டேட்டாவுக்கும். ‘ஏடி’ அடித்தும் ‘ஓகே’ வரவில்லையென்றால் முதலில் டெர்மினல் மென்பொருளின் வரிமுடிவைப் பாருங்கள். மாட்யூல் எதிர்பார்ப்பது கேரேஜ் ரிட்டர்ன். லைன் ஃபீட் மட்டும் அனுப்பினால் அது வாய் திறக்காது.

மைக்ரோகண்ட்ரோலரைப் போர்டோடு இணைத்துப் பார்க்கும் ஆசை வந்தால் மாட்யூலின் யுஆர்ட் (சீரியல் தகவல்) கால்கள் 1.8 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம். போர்டில் லெவல் மாற்றி இருக்கும். அது இருக்கும் பக்கத்து ஊசிகளில்தான் கொக்கி போட வேண்டும். அதைத் தாண்டி 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும்.

சிம்மைக் கருவியிலிருந்து போர்டுக்கு மாற்றும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இங்கே இருந்தது 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம் (கருவிகளுக்கென்றே தரும் சிம்). சில எம்2எம் திட்டங்களில் சிம்மை ஒரே ஐஎம்இஐ எண்ணோடு (மாட்யூலின் தனி அடையாள எண்) பூட்டியிருப்பார்கள். வேறு மாட்யூலில் போட்ட உடனே நெட்வொர்க் மறுக்கும், சில திட்டங்களில் சிம்மே முடங்கும். சோதனைக்கு வந்த இடத்தில் இருக்கிற சிம்மையும் முடக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. சிம் வழங்கியவரிடம் பூட்டு இல்லை என்று உறுதி செய்த பிறகே மாற்றப்பட்டது.

அடுத்து வழக்கமான வரிசை. ‘ஏடி+சிஎம்இஇ=2’ கொடுத்துவிட்டால் பிழைகள் எண்ணாக வராமல் சொல்லாக வரும். ‘ஏடி+சிபின்?’ கேட்டால் ‘ரெடி’ வர வேண்டும். ‘ஏடி+சிஇரெக்=2’ வைத்துவிட்டு ‘ஏடி+சிஇரெக்?’ கேட்டால் பதிவு நிலையோடு டவர் செல்லின் எண்ணும் வரும்: 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங், 2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் மறுக்கப்பட்டது. 2க்கும் 3க்கும் உள்ள தூரம் பெரிது. 2 வந்தால் ஆண்டெனா, சிக்னல் பக்கம் பார்க்க வேண்டும். 3 வந்தால் சிம், சந்தா, ஐஎம்இஐ பக்கம் பார்க்க வேண்டும். பதிவு 1 என்று காட்டியும் டேட்டா போகவில்லையென்றால் ஏபிஎன் (டேட்டா நுழைவாயிலின் பெயர்) தவறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘ஏடி+சிஜிபிஏடிடிஆர்’ கேட்டால் ஐபி முகவரி வெறும் பூஜ்யங்களாக வரும். இந்த வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. சிம்மும் ஏபிஎன்னும் சுத்தம்.

சிக்னல் அளவுக்கு எல்லோரும் கைவைப்பது ‘ஏடி+சிஎஸ்க்யூ’. 0 என்றால் மைனஸ் 113 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்) அல்லது அதற்கும் கீழ், 31 என்றால் மைனஸ் 51 அல்லது அதற்கு மேல், இடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 2 டிபி. 99 என்றால் தெரியவில்லை. 2ஜி காலத்துக்கு அது போதும். எல்டிஇயில் ‘ஏடி+சிஇஎஸ்க்யூ’ கேட்பதுதான் முறை. அது தரும் ஆறு எண்களில் கடைசி எண் ஆர்எஸ்ஆர்பி, அதாவது எல்டிஇ சிக்னலின் வலு. அதிலிருந்து 141ஐக் கழித்தால் டிபிஎம். கடைசி எண் 55 என்றால் மைனஸ் 86. மைனஸ் 90க்கு மேலே இருந்தால் நிம்மதி, மைனஸ் 110க்குக் கீழே போனால் கவலை. கூடவே ‘ஏடி+சிஓபிஎஸ்?’ பதிலின் கடைசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்: 7 என்றால் எல்டிஇ, 0 அல்லது 3 என்றால் 2ஜி. இந்த வீட்டின் முடிச்சு அந்த ஒற்றை எண்ணில்தான் அவிழ்ந்தது.

ஆண்டெனா

போர்டை முதலில் முகப்பில், தெருவைப் பார்த்த திண்ணையில் வைத்து அளந்தபோது மைனஸ் 105 வந்தது. அதே இடத்தில் கைப்பேசி நல்ல சிக்னல் காட்டுகிறது. இது நம்பக்கூடிய அளவு அல்ல. காரணம் ஆண்டெனாவில் இருந்தது. போர்டோடு வந்த குச்சி ஆண்டெனா எங்கோ போயிருக்க, வைஃபை ரவுட்டரின் குச்சி அந்த இடத்தில் இருந்தது. இரண்டும் பார்க்க ஒன்றே, மரையும் பொருந்தும். ஆனால் வைஃபை குச்சியின் முனை ரிவர்ஸ் எஸ்எம்ஏ. போர்டின் எஸ்எம்ஏ முனையின் நடுவில் துளை, குச்சியின் நடுவிலும் துளை. ஊசி இல்லாமல் துளையும் துளையும் எதிரெதிரே நிற்கும். நடுக்கம்பி தொடவே தொடாது. ஆனாலும் கொஞ்சம் சிக்னல் கசிந்து வந்து மாட்யூல் பதிவும் ஆகிவிடுவதால் ஆண்டெனாவை யாரும் சந்தேகிப்பதில்லை. திருகும் முன் இரண்டு முனையிலும் நடுவைப் பார்த்து, ஒன்றில் ஊசி, ஒன்றில் துளை என்று உறுதி செய்ய வேண்டும். சரியான எல்டிஇ குச்சியை மாட்டியதும் அதே திண்ணையில் மைனஸ் 86.

அடுத்து கருவியின் ஸ்டிக்கர் ஆண்டெனாவைப் போர்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரின் முனை யு.எஃப்எல், போர்டின் முனை எஸ்எம்ஏ. நடுவே ஒரு சிறு இணைப்புக் கேபிள் தேவை. யு.எஃப்எல் முனை சுமார் 30 முறை செருகி எடுக்கத்தான் செய்யப்பட்டது. சோதனையில் அதையே பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் புதிதாக ஒரு கோளாறை நாமே உண்டாக்கிவிடுவோம். கேபிளை ஒரு முறை செருகிவிட்டு, மாற்றங்களை எஸ்எம்ஏ பக்கத்தில் செய்துகொள்வது நல்லது.

திறந்த இடத்தில் ஸ்டிக்கர் குச்சியைவிட 4 டிபிதான் குறைவு. அது ஏற்கத்தக்கது. ஆனால் கருவியை மாட்டியிருந்த இடத்தில், இரும்பு மெயின் பெட்டியை ஒட்டி வைத்ததும் இழப்பு 11 டிபி ஆனது. ஸ்டிக்கர் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் உலோகம் வந்தால் அதன் ஒத்ததிர்வே இடம் மாறிவிடும். ஒரு விரற்கடை இடைவெளி போதாது. 2 சென்டிமீட்டராவது விட வேண்டும், அதிகம் விட்டால் இன்னும் நல்லது. எலெக்ட்ரீஷியனுக்கு இது தெரிய வழியில்லை. மின்கம்பி வரும் இடத்தில்தான் அவர் பெட்டியை மாட்டுவார்.

வளவில் வானம் தெரியும், டவர் தெரியாது

இரண்டாங்கட்டு உள்ளே இருக்கிறது, சுவர் இரண்டடி கனம், அதனால் சிக்னல் குறைவு. கருவியைத் திறந்த வளவில் (நடுமுற்றத்தில்) வைத்தால் சரியாகும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். போர்டை எடுத்துக்கொண்டு வீடு நெடுக நடந்தபோது அது பொய்த்தது. திண்ணையில் மைனஸ் 86. பட்டாலையில் மைனஸ் 97. வளவின் நட்டநடுவில், தலைக்கு மேல் வானம் தெரியும் இடத்தில் மைனஸ் 109. இரண்டாங்கட்டில் மைனஸ் 114. முகப்புத் தேக்குக் கதவையும் நடைக் கதவையும் சாத்தியபின் இரண்டாங்கட்டில் மைனஸ் 120 வரை இறங்கியது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, பத்துப் பதினைந்து அளவு எடுத்து, நடு அளவை எடுத்துக்கொண்டவை இவை. ஒரே அளவை நம்பினால் 6 டிபி வரை ஏமாற்றும்.

வளவு ஏன் ஏமாற்றியது? டவர் வானத்தில் இல்லை. 35 மீட்டர் உயர டவர் 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால், அது தொடுவானத்திலிருந்து 2 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. சிக்னல் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் வருகிறது. வளவுக்குள் இறங்க வேண்டுமானால் ஓட்டுக்கூரையின் விளிம்பில் பட்டு வளைந்து கீழே வர வேண்டும். அதிலேயே பெரும்பகுதி போய்விடும். போதாக்குறைக்கு, குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து வளவின் மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள். வலைக்கண் ஒரு அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 16.7 சென்டிமீட்டர், 900இல் 33 சென்டிமீட்டர். அலைநீளத்தைவிட இத்தனை சிறிய கண் உள்ள வலை, சிக்னலுக்குத் தகரக் கூரைக்குச் சற்றுத்தான் மேல்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதை எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிட்டார்: “உள்ள நின்னா ஒண்ணும் கேக்காது தம்பி. போன் வந்தா திண்ணைக்குத்தான் ஓடியாரணும்.” கருவி மாட்டும் முன் யாராவது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிம் மாற்றியதும் கோளாறு மாறியது ஏன்

ஜியோவுக்கு இங்கே 2ஜி கிடையாது. அது எல்டிஇயும் 5ஜியும் மட்டுமே. மற்ற நிறுவனங்கள் 2ஜியை இன்னும் விட்டுவிடவில்லை. முதல் சிம் 2ஜி உள்ள நிறுவனத்தது, இரண்டாவது 2ஜி இல்லாதது. இரண்டாங்கட்டில் போர்டை வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, ‘ஏடி+சிஓபிஎஸ்?’ பதிலை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்தபோது கதை விளங்கியது. முதல் சிம்மில் கடைசி எண் 7இலிருந்து 0க்கு இறங்குகிறது. எல்டிஇ மெலிந்ததும் மாட்யூல் 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது சிம்மில் இறங்கப் படி இல்லை. பதிவு 1இலிருந்து 2க்குப் போகிறது, தேடுகிறது, திரும்புகிறது.

2ஜிக்கு இறங்கினால் என்ன? அனுப்பும் சக்திதான் வித்தியாசம். எல்டிஇயில் மாட்யூல் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் அனுப்பும். அப்போது பேட்டரிப் பக்கம் சுமார் 600, 700 மில்லிஆம்ப் இழுக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் 33 டிபிஎம், முழுதாக 2 வாட். அது தொடர்ச்சியாகவும் வருவதில்லை. 4.615 மில்லிவினாடிக்கு ஒரு முறை 577 மைக்ரோவினாடி மட்டும் வெடிப்பாக அனுப்பும். அந்த நொடித்துளியில் 2 ஆம்ப் வரை இழுக்கும். பழைய போன் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் ‘டர்ர்’ என்று கேட்குமே, அதே 217 ஹெர்ட்ஸ்.

காரைக்குடி மேசையில் சிக்னல் மைனஸ் 80. மாட்யூல் மெதுவான குரலில் பேசினாலே போதும். 2ஜிப் பக்கம் போகவேண்டியதே இல்லை. அதனால் 2 ஆம்ப் என்ற சோதனையை அந்தச் சர்க்யூட் ஒரு நாளும் சந்திக்கவில்லை. மோசமான சிக்னல் மின்வழங்கலின் குறையை வெளியே கொண்டுவந்தது. ஒரே வீட்டில் இரண்டு கோளாறுகள் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்திருந்தன. சிம் மாற்றியபோது ஒன்று மறைந்து மற்றது முன்னால் வந்து நின்றது.

மின்வழங்கல்

போர்டின் விபேட் (மாட்யூலுக்கு மின்சாரம் நுழையும் கால்) ஜம்பரைக் கழற்றி, கருவியின் ரெகுலேட்டரிலிருந்தும் பிறகு அதன் செல்லிலிருந்தும் நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மாட்யூலை ‘ஏடி+சிஓபிஎஸ்’ வழியாக 2ஜியில் நிறுத்தித் தொடர்ந்து டேட்டா அனுப்பியும் போர்டு ரீஸ்டார்ட் ஆகவில்லை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: மின்வழங்கல் நல்லது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஜம்பருக்கு இந்தப் பக்கம் மாட்யூலை ஒட்டிப் போர்டின் பெரிய கெப்பாசிட்டர்கள் அப்படியே இருக்கின்றன. மின்னழுத்தத்தில் விழும் பள்ளத்தை அவை நிரப்பிவிடுகின்றன.

ஆகவே ஆஸிலோஸ்கோப்பைக் கருவியின் சொந்த மாட்யூலின் விபேட் காலில் வைக்க வேண்டும். நீளமான தரைக் கம்பி உள்ள புரோப் பொய் சொல்லும். சுருள் ஊசித் தரையோடு கெப்பாசிட்டர் மீதே தொட வேண்டும். 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பிடி என்று டிரிகர், கட்டத்துக்கு 1 மில்லிவினாடி. மல்டிமீட்டரில் அது 3.75 வோல்ட் என்று சாதுவாக நிற்கும், ஸ்கோப்பில் 4.6 மில்லிவினாடிக்கு ஒரு பள்ளம், அடி 3.1 வோல்ட். இந்த மாட்யூலுக்குக் குறைந்தபட்சம் 3.4 வேண்டும். சில மாட்யூல்கள் மின்னழுத்தம் குறைந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு அணையும். சில சொல்லாமலே போய்விடும்.

பள்ளத்தின் கணக்கைப் போட்டால் யாரும் குழம்ப வேண்டியதில்லை. செல்லிலிருந்து பலகைக்கு 28 கேஜ் கம்பி 20 சென்டிமீட்டர். போக வர 40. இந்தக் கம்பி மீட்டருக்கு 0.213 ஓம், ஆக 0.085 ஓம். பழைய செல்லின் உள் எதிர்ப்பு, பாதுகாப்புப் பலகையின் மாஸ்ஃபெட்கள், கனெக்டர் எல்லாம் சேர்த்து இன்னும் 0.15 ஓம் அளவு. மொத்தம் கால் ஓமுக்கு நெருக்கம். 2 ஆம்ப் பாய்ந்தால் அரை வோல்ட் அங்கேயே போகிறது. அதற்கும் மேலே செல் பக்கத்தில் ஒரு ஷாட்கி டயோடு, அதில் 0.4 வோல்ட். 3.9 வோல்ட் உள்ள செல்லும் மாட்யூலின் காலில் 3.0 ஆகிவிடும். கரண்ட் இருக்கும்போது ரெகுலேட்டர் எப்படியோ சமாளித்தது, எப்போதாவதுதான் விழுந்தது. கரண்ட் போனதும் செல்லுக்கு மாறி, ‘கரண்ட் போய்விட்டது’ என்ற செய்தியை அனுப்ப வாயைத் திறக்கும்போதே மாட்யூல் செத்தது.

கெப்பாசிட்டர் போட்டால் தீருமா என்று கேட்பார்கள். 2 ஆம்பை 577 மைக்ரோவினாடிக்கு, 0.3 வோல்ட்டுக்கு மேல் சரியாமல், கெப்பாசிட்டர் மட்டுமே தாங்க வேண்டுமானால் சுமார் 3,850 மைக்ரோஃபாரட் வேண்டும். மின்வழங்கல் 1.5 ஆம்ப் தந்து மீதி அரை ஆம்பை மட்டும் கெப்பாசிட்டர் பார்த்துக்கொண்டால் 960 போதும். ஆகவே முதலில் பாதையைச் சரி செய்ய வேண்டும், பிறகு 1000 மைக்ரோஃபாரட். அதுவும் உள் எதிர்ப்பு குறைந்த வகை, 0.1 ஓம் இருந்தாலே 0.2 வோல்ட் வீண்.

மேசையிலேயே வீட்டைக் கொண்டுவருதல்

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கானாடுகாத்தான் போய்வர வேண்டியதில்லை. ஆண்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவே எஸ்எம்ஏ அட்டென்யுவேட்டர்களை (சிக்னலைக் குறைக்கும் துண்டுகள்) திருகினால் மேசையிலேயே இரண்டாங்கட்டை உண்டாக்கலாம். மேசையில் மைனஸ் 80 என்றால் 30 டிபி போட மைனஸ் 110. கருவிக்கும் அப்படியே, யு.எஃப்எல் கேபிள் வழியாக. 2 வாட் தாங்கும் அட்டென்யுவேட்டராக வாங்கிக்கொள்ள வேண்டும்; 2ஜி வெடிப்பின் உச்சம் அவ்வளவு.

ஒரு எச்சரிக்கை: ஆண்டெனா வழி அடைத்தாலும் பலகையின் தடங்களும் யுஎஸ்பி கேபிளும் தாமாகவே சிக்னலைப் பிடிக்கும். 20 டிபி போட்டபோது அளவு 12தான் இறங்கியது என்றால் மீதி கசிவு. முறுக்கு, சீடை வரும் பெரிய தகர டின்னுக்குள் பலகையை வைத்து, மூடியை இறுக்கி, ஆண்டெனா கேபிளை மட்டும் வெளியே விட்டு, மின்சாரக் கம்பியில் ஃபெரைட் மாட்டினால் கசிவு பெரிதும் அடங்கும். டின்னின் உள்ளே அட்டை விரிக்காமல் பலகையை வைத்தால் ஷார்ட் ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில், முதல் சிம்மோடு, செல்லில் மட்டும் ஓடவிட்டபோது பழைய கருவி முதல் செய்தியிலேயே விழுந்தது. கோளாறை இப்படி வேண்டும்போது வரவழைக்க முடிந்த பிறகுதான் சால்டரிங் அயனைச் சூடேற்றினார்கள்.

மாற்றியவை

டயோடை எடுத்துவிட்டு பி சானல் மாஸ்ஃபெட். 2 ஆம்பில் 0.1 வோல்ட்டுக்குள் இழப்பு. கம்பி 22 கேஜ், நீளம் பாதி. மாட்யூல் காலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட், 100 நானோஃபாரட், பிறகு 33 பிகோஃபாரட், 10 பிகோஃபாரட்; கடைசி இரண்டும் முறையே 900, 1800 மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு. அடாப்டர் 2 ஆம்ப். செல்லைப் பழையதிலிருந்து புதியதாக. செல் 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டு மாட்யூலை ஒழுங்காக அணைக்கும்படி நிரல். செல்லின் அடியில் கொஞ்சம் கொள்ளளவு வீணாகிறது, ஆனால் அந்த அடியில் மாட்யூல் பேச முடியாது என்பதால் அது இருந்தும் பயனில்லை. ஸ்கோப்பில் பள்ளத்தின் அடி இப்போது செல்லில் 3.55.

இடம் மாற்றுவதில்தான் யோசனை நீண்டது. கருவியை இரண்டாங்கட்டிலேயே விட்டுவிட்டு ஆண்டெனாவை மட்டும் முகப்புக்குக் கொண்டுபோகலாமா? தூரம் சுமார் 20 மீட்டர். மெல்லிய ஆர்ஜி 174 கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1.5 டிபி தின்னும்; 20 மீட்டரில் 30 டிபி. திண்ணையில் கிடைத்த 28 டிபி லாபம் முழுவதும் கேபிளுக்கே போய்விடும். எல்எம்ஆர் 200 போட்டாலும் 10 டிபி போகும், விலையும் கனமும் வேறு. அதைவிட மோடத்தை முகப்புக்குக் கொண்டுபோய், சென்சார்களை ஆர்எஸ் 485 (நீளக் கம்பியில் தகவல் அனுப்பும் முறை) வழியாக இழுப்பது எளிது. முறுக்கிய இரட்டைக் கம்பி, 9600 பாட், இரண்டு கடைசியிலும் 120 ஓம். 20 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. இடிக்குப் பயந்து இரு முனையிலும் டிவிஎஸ் டயோடுகள்.

கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்பது வீட்டுக்காரருக்கு முக்கியம். செட்டிநாட்டுச் சாந்து பூசிய சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஒரு முறை பெயர்ந்தால் அதே பளபளப்பில் திருப்பிப் பூச ஆள் கிடைப்பதும் அரிது. பழைய வயரிங்கின் தேக்குக் கேசிங் ஓரிடத்தில் காலியாக ஓடியது. கம்பி அதற்குள் போனது. 230 வோல்ட் ஓடும் கேசிங்கில் இதைச் சேர்க்கக்கூடாது.

2ஜியை அடைத்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. முகப்பில் எல்டிஇ மைனஸ் 84இல் நிற்கும்போது 2ஜி தேவைப்படாது. ஆனால் பக்கத்து டவரில் பழுது என்றால் தூரத்து 2ஜிதான் கைகொடுக்கும். மின்வழங்கல் 2 ஆம்பைத் தாங்கும்படி ஆகிவிட்டதால் அதைத் திறந்தே விட்டார்கள். சிம், பழைய முதல் சிம்மேதான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாள்தான் உண்மையான பரீட்சை. காலையில் கரண்ட் போனதும் செய்தி உரிமையாளரின் போனுக்குப் போனது. மாலை கரண்ட் திரும்பும் வரை 15 நிமிடப் பதிவுகளில் ஒன்றும் விடுபடவில்லை, லாகில் ரீஸ்டார்ட் வரி இல்லை, ‘ஏடி+சிஓபிஎஸ்?’ கடைசி எண் 7ஐ விட்டு நகரவில்லை.

ஸ்டிக்கருக்குப் பதிலாக மாட்டிய வெளி ஆண்டெனா முகப்பு மாடியின் இறவாணத்துக்கு அடியில், டவர் இருக்கும் திசைக்குத் திறந்தபடி இருக்கிறது. அதன் எஸ்எம்ஏ முனையைக் கீழ்நோக்கி வைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிள் வழியே ஓடிவந்தால் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், முனைக்குள் ஏறாது. ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன் ‘ஏடி+சிஇஎஸ்க்யூ’ அளவைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டு, 6 டிபிக்கு மேல் இறங்கியிருந்தால் முதலில் அந்த டேப்பை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.